மாடி வீட்டில் சத்தம் நின்ற வருஷம்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. லேத் பட்டறையில் இரும்புச் சுருளைக் கூட்டிப் பெருக்கப் போனவன் நான். பிறகு சொந்தமாக ஏழு மெஷின் போட்டு, பட்டம் வாங்கினவர்களை என் மேஜைக்கு முன்னால் நிற்க வைத்துப் பேசினேன். இந்த வீட்டையும் நானே கட்டினேன். கீழே பட்டறை, நடுவில் நானும் என் வீட்டுக்காரியும், மேலே மாடி. என்ஜினியர் வரைந்து கொடுத்ததைவிடக் கனமான கம்பி போட்டுத்தான் ஒவ்வொரு தூணையும் எழுப்பினேன். ஏழு மெஷினும் ஒன்றாக ஓடினாலும் மாடியில் டம்ளர் தண்ணீர் அசையாது. நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம்.

அந்த மாடியில் என் தம்பி மகனைக் குடிவைத்தேன். அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் அவனுக்குத்தான் போன் வரும். கெட்டிக்காரன், ஆனால் அப்பாவி. நான் எழுத வந்தது அவனைப் பற்றி அல்ல, அவன் மனைவியைப் பற்றி. பெரிய மனிதர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்தப் பெண்ணைப் பற்றி நான் எழுதாவிட்டால் யார் எழுதப்போகிறார்கள்?

அவள் வந்த புதிதில் அவளுடைய சிரிப்புதான் எங்களுக்கு அறிமுகம். மாடியில் சிரித்தால் பட்டறையில் ஆட்கள் கையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். வாய் வேறு சும்மா இருக்காது.

"மாமா, உங்க லேத்து சத்தத்தைக் கேட்டு என் தையல் மெஷின் பயந்து நின்னுபோச்சு. வந்து என்னன்னு பாருங்க" என்பாள்.

எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு படியேறுவேன். "எண்ணெயே போடாம ஓட்டினா நிக்காம என்ன பண்ணும்?"

"நீங்களுந்தான் இத்தனை வருஷமா எண்ணெய் போடாம ஓடறீங்க. அத்தை வந்து போட்டுவிடறாங்களா என்ன?"

கீழே இருந்து என் வீட்டுக்காரி, "இந்த மெஷினுக்கு எண்ணெய் ஊத்தி ஊத்தி என் கைதான் தேய்ஞ்சுது" என்று குரல் கொடுப்பாள். என்னை இப்படிக் கிண்டல் செய்ய இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் துணிச்சல் இருந்தது. இரண்டு பேரும் என் வீட்டிலேயே இருந்தார்கள்.

அப்போதெல்லாம் அந்த மாடியில் சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. பால்கனியில் ஒரு கூண்டு நிறைய லவ் பேர்ட்ஸ் வளர்த்தாள். அவை விடிந்ததில் இருந்து இருட்டும்வரை வாய் மூடாது. துண்டுத் துணியை ஒட்டுப்போட்டுக் குழந்தைகளுக்கு விதவிதமாகச் சட்டை தைப்பாள். அந்த மெஷின் தடதடக்கும். டிவி ஓடும். வேலை முடிந்து வந்ததும் தம்பி மகன் சட்டையைக்கூடக் கழற்றாமல் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொள்வான். பெரிதாக வாசிப்பான் என்று சொல்ல மாட்டேன். தெரிந்த நாலு பாட்டைத் திருப்பித் திருப்பிப் போடுவான்.

அவன் வாசிக்கும்போதெல்லாம் மூத்த பெண் ஓடிவந்து கிட்டாரின் விளிம்பில் பல்லைப் பதித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கன்னத்தையும் மோவாயையும் மரத்தோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, எச்சில் வழிய ஒரு சிரிப்பு. கிட்டார் ஓரமெல்லாம் பல் தடம். அதனாலேயே அவளுக்குச் சுண்டெலி என்று பேர் வைத்தேன். நான் வைத்த பேர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பேர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான். இளையவள் அப்போது கைக்குழந்தை. அவளைக் குட்டி என்போம்.

சுண்டெலியை முதல் வகுப்பில் நல்ல பள்ளிக்கூடமாகப் பார்த்துச் சேர்த்தோம். அந்தப் பள்ளிக்கூடத்து இரும்புக் கதவு என் பட்டறையில் செய்தது. நான் போய் நின்றதும் இடம் கிடைத்தது. எங்கள் வம்சத்தில் முதல் டாக்டர் இவள்தான் என்று பட்டறை முழுக்கச் சொல்லிவைத்தேன்.

முதல் பரீட்சை முடிந்ததும் கூப்பிட்டு அனுப்பினார்கள். பெற்றவர்கள் போனால் பேசத் தெரியாமல் விழிப்பார்கள் என்று நானும் கூடப் போனேன்.

டீச்சரம்மா சின்ன வயது, பொறுமையானவள். "நல்ல பிள்ளைதாங்க. ஆனா கவனமே இல்ல. கூப்பிட்டா திரும்பறதில்ல. மத்த பிள்ளைங்க புத்தகத்தை எடுத்த பிறகு அக்கம்பக்கம் பார்த்துட்டுத்தான் எடுக்கறா. போர்டுல எழுதிப் போட்டா அச்சு மாதிரி எழுதிடுவா. அதையே வாயால சொன்னா பேந்தப் பேந்த முழிக்கறா. வீட்டுல சத்தம் ஜாஸ்தியோ? டிவி, விளையாட்டுன்னு நிறைய இருந்தா பிள்ளை மனசு இங்க நிக்காதுங்க."

பெற்றவர்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வராந்தாவுக்குப் போனேன். மைதானத்தின் அந்தக் கோடியில் சுண்டெலி எங்களுக்கு முதுகைக் காட்டி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். "ஏய் சுண்டெலி! வா இங்க!" என்று ஒரு அதட்டுப் போட்டேன். விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"பார்த்தீங்களா டீச்சரம்மா? அதட்டற விதத்துல அதட்டணும்."

"நான் அப்படி ஒரு சத்தம் போட்டா பக்கத்து ரெண்டு வகுப்பும் சேர்ந்து எழுந்து நின்னுடுங்க ஐயா" என்று அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பள்ளிக்கூடத்தின் வழக்கத்தைச் சொன்னாள். வருஷக் கடைசியில் இரண்டாம் வகுப்புக்குத் தேறாத பிள்ளையை அதே வகுப்பில் மறுபடி வைத்துக்கொள்ள மாட்டார்கள். வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வீடு திரும்பினோம். படியேறும்போது மருமகள் சொன்னாள்: "என்னை ஒன்பதாவதுல ஒரு வருஷம் நிறுத்திவெச்சாங்க மாமா. என்னைவிடச் சின்னப் பசங்களோட, கடைசி பெஞ்சுல, ஒட்டகம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்த வருஷத்தோட படிப்பே வேணாம்னு வந்துட்டேன். இவ அப்படி உட்காரக் கூடாது. என்ன ஆனாலும் சரி."

அந்த வாரமே மாடி காலியாக ஆரம்பித்தது. டிவி எங்கள் கூடத்துக்கு இறங்கி வந்தது. லவ் பேர்ட்ஸ் கூண்டை மூலைக்கடை மருந்துக்காரருக்குக் கொடுத்துவிட்டாள். தையல் மெஷினுக்குப் போர்வை போட்டு மூடினாள். கடைசியில் கிட்டார். தம்பி மகன் அதைத் தன்னோடு வேலை செய்யும் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிட்டு வந்து, "அவன் நல்லா வாசிப்பான் பெரியப்பா, என்னைவிட நல்லா வாசிப்பான்" என்று தானாகவே சொல்லிக்கொண்டான்.

அதோடு ஒரு சட்டம். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்து வந்ததும் படிப்பு நேரம். சாப்பாடு போடும்வரை யாரும் பேசக் கூடாது. தம்பி மகன் செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டுப் பூனை மாதிரி மேலே போவான். குட்டி அழுதால் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என் வீட்டுக்காரி, "வீடாடீ இது? பரீட்சை ஹால் மாதிரி இருக்கு" என்றாள். "ஒரு வருஷம்தானே அத்தை. பொறுத்துக்குங்க" என்று மருமகள் சொன்னாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நான் தொழில் கற்ற காலத்தில் எனக்கு ஏது பாட்டும் பறவையும்?

கிட்டார் போன பிறகு சுண்டெலி ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தாள். ஃப்ரிட்ஜ் கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்பாள். தண்ணீர் மோட்டார் ஓடினால் அதன் குழாயைக் கட்டிக்கொண்டு நெற்றியை முட்டிக்கொள்வாள். "புழுக்கம் தாங்கல பாவம், சில்லுனு இருக்குன்னு ஒட்டிக்குது" என்று என் வீட்டுக்காரி ஒரு மின்விசிறியைக் கொண்டுபோய் வைத்தாள். மருமகள் அதையும் விளையாட்டு என்றுதான் நினைத்தாள். ஃப்ரிட்ஜ் பக்கம் போகக் கூடாது என்று அதற்கும் தடை போட்டாள்.

அரைப் பரீட்சையில் கணக்கு நல்ல மதிப்பெண். பார்த்து எழுதுவதில் முழு மதிப்பெண். சொல்வதைக் கேட்டு எழுதுவதில் முட்டை. இதில்தான் வருஷக் கடைசியில் கவிழப்போகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அன்று முதல் தினமும் சாயங்காலம் மருமகள் எதிரில் உட்கார்ந்து வார்த்தைகளைச் சொல்வாள், பிள்ளை எழுதும். வீட்டில் உட்கார்ந்து சொல்லும்போது ஓரளவு எழுதினாள். ஆனால் எழுதுவதற்கு முன் அம்மா முகத்தையே வெறித்துப் பார்ப்பாள்.

"என் வாயையே பார்த்துட்டு இருக்கா மாமா. நான் சிரிப்பேனா, விளையாட வருவேனான்னு பார்க்கறா. கவனம் எங்கே இருக்கும்?" என்றாள்.

அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பிள்ளையைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தாள். தான் பின்னால் உட்கார்ந்துகொண்டு வார்த்தை சொன்னாள். அப்போது பார்க்க ஒன்றும் இருக்காது, கவனம் தன்னால் வரும் என்று கணக்கு.

ஒரு வார்த்தையும் வரவில்லை. வீட்டில் எழுதிக்கொண்டிருந்ததையும் சுண்டெலி நிறுத்திவிட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டு பென்சிலை வாயில் வைத்திருப்பாள். தெரிந்தும் எழுதாமல் அடம்பிடிக்கிறாள் என்றுதான் மருமகள் நினைத்தாள். நேற்று எழுதிய வார்த்தை இன்று எப்படி மறக்கும்? முதலில் கெஞ்சினாள். பிறகு கத்தினாள். பிறகு கை நீண்டது. அதுவரை ஒரு எறும்பைக்கூட நசுக்காத கை அது.

"செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி இருக்கு, நான் தினமும் தொண்டை கிழியக் கத்தறது" என்பாள். தம்பி மகனும் சொல்வான். நானும் சொன்னேன். அந்த வருஷம் அந்த வீட்டில் அதிகமாகப் புழங்கிய வாக்கியம் அதுதான். சொல்லியவர்களில் ஒருத்தருக்கும் தாங்கள் சொல்வது என்ன என்று காதில் விழவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையின் பேச்சும் குறைந்தது. கேட்டால் தலையை ஆட்டுவாள். எதைக் கேட்டாலும் ஒரே மாதிரி ஆட்டுவாள். அடங்கிவிட்டாள், நல்ல மாற்றம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். மருமகள் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போயிருந்தாள். சுண்டெலி வழக்கம்போல் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, புத்தகத்தில் இருப்பதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஓரெட்டுப் பின்னால் மெத்தைபோட்ட கட்டிலில் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. அது புரண்டு கீழே விழுந்து, உதடு கிழிந்து, வீடே அதிர அலறியது. எனக்கே கீழே கேட்டது. என் காதின் லட்சணம் தெரியும், ஏழு மெஷினுக்கு நடுவில் தேய்ந்த காது. அதற்கே கேட்டது.

மருமகள் ஓடிவந்து பார்த்தபோது குட்டியின் வாயெல்லாம் ரத்தம். சுண்டெலி முதுகைத் திருப்பாமல் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"உன் தங்கச்சி ரத்தத்துல கெடக்கறா, உனக்குத் திரும்பிப் பார்க்கத் தோணலையாடீ? நெஞ்சுல என்ன கல்லா?" என்று கையை ஓங்கிக்கொண்டு போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினாள். திரும்பிய பிள்ளை முதலில் அம்மாவின் கையைப் பார்த்துக் கண்ணை இறுக்கிக்கொண்டது. அடி விழாததால் மெல்லத் திறந்தது. அப்போதுதான் குட்டியைக் கண்டது. ஒரு ஓலம் போட்டுப் பாய்ந்து, தன் சட்டையைத் தூக்கித் தங்கையின் உதட்டைத் துடைத்து, மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதது. 

மருமகளின் ஓங்கிய கை அப்படியே நின்றது. பிள்ளை ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அழுதது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவள் பிள்ளைக்குப் பின்பக்கம் போய் மெதுவாகப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு கொஞ்சம் சத்தமாக. பிறகு இன்னும் சத்தமாக. நான் படியேறி வந்தபோது தொண்டை நரம்பு புடைக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை திரும்பவில்லை. என் வீட்டுக்காரிதான் அவளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

காது டாக்டரின் அறையில் கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெட்டி அறை இருந்தது. பிள்ளையை அதற்குள் உட்கார வைத்து, தலையில் ஒரு கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்லிச் சைகையில் காட்டினார்கள். நாங்கள் வெளியே நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கை ரொம்ப நேரம் மடியிலேயே கிடந்தது. அப்புறம் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, நாங்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறோம் என்று நினைத்தோ என்னவோ, சும்மாவே ஒருதரம் தூக்கினாள்.

டாக்டர் வயதானவர். மெதுவாகத்தான் சொன்னார். ஒரு காதில் ஒன்றுமே இல்லை. இன்னொன்றில் பெரிய, கனத்த சத்தம் மட்டும் கொஞ்சம் விழுகிறது. அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. பிறவியில் இருந்து அல்ல, இடையில் வந்து படிப்படியாக இறங்கியிருக்கிறது.

"மரச்சாமான், மெஷின், இந்த மாதிரி அதிர்ற எதுலயாவது பல்லையோ கன்னத்தையோ வெச்சுக்குமா?" என்று கேட்டார்.

தம்பி மகன் ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். எழுந்து வெளியே போய்விட்டான்.

"நான் கூப்பிட்டா ஓடி வருவாளே டாக்டர்" என்றேன்.

"உங்க குரலுக்கு யாருமே வருவாங்க" என்றார். அதில் கிண்டல் இல்லை. "இத்தனை நாள் மத்தவங்க பேச்சை இவ வாயைப் பார்த்துத்தான் புரிஞ்சிட்டிருந்திருக்கா. உதடு அசையறதைப் பார்த்து, அவளாவே கத்துக்கிட்டது. கெட்டிக்காரி. அதனாலதான் உங்களுக்குத் தெரியாமப் போச்சு."

மருமகள் கேட்டாள்: "சுவத்தப் பார்த்து உட்கார வெச்சா?"

டாக்டருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "என்னம்மா?" என்றார். அவள் மறுபடி கேட்கவில்லை.

காதுக்கு மெஷின் வாங்கி மாட்டினோம். அதற்குக் குறை வைக்கவில்லை, இருப்பதிலேயே நல்லதாகத்தான் வாங்கினேன். அதைப் போட்டால் பிள்ளை முகத்தைச் சுளிக்கும். ஏதோ இரைச்சல் விழுகிறது, பேச்சாக விழவில்லை. தம்பி மகன் போய்க் கிட்டாரைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தான். மடியில் வைத்து, அந்த நாலு பாட்டில் ஒன்றைத் தொடங்கினான். சுண்டெலி ஓடிவரவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்று, தட்டையான ஒரு குரலில், "படிப்பு நேரம்" என்றாள். அவன் எத்தனை கூப்பிட்டும் கிட்ட வரவில்லை. நாங்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தில் அது ஒன்றைத்தான் முழுசாகக் கற்றுக்கொண்டிருந்தாள்.

வருஷக் கடைசியில் டாக்டரின் தாளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனோம். கதவைத் தள்ளித் திறக்கும்போது, என் கை செய்த கதவு, என் பேச்சுக்கு மதிப்பு இருக்கும் என்றுதான் போனேன். தலைமை டீச்சர் எல்லாவற்றையும் படித்துப் பார்த்தார். பிள்ளையின் குற்றம் இதில் ஒன்றும் இல்லை என்றார். ரெண்டாம் வகுப்புக்குத் தேறியதாகவே சான்றிதழ் தருகிறேன் என்றார். "ஆனா இங்க இவளுக்குச் சொல்லிக்கொடுக்க எங்க யாருக்கும் தெரியாதுங்க. இதுக்குன்னு இருக்கற பள்ளிக்கூடத்துலதான் சேர்க்கணும்."

"ஒரு பிள்ளைக்கு முன் பெஞ்சு கொடுத்து முகத்தைப் பார்த்துப் பேச முடியாதா உங்களால?" என்று மேஜையைத் தட்டினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த அம்மாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். "முடியும்னு சொல்லி இன்னொரு வருஷத்தை நான் வீணாக்க விரும்பலைங்க" என்றார். டாக்டரின் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

மருமகள் அந்தச் சான்றிதழை வாங்கிப் படித்தாள். தேறினாள் என்றுதான் அதில் இருந்தது. அந்த வருஷம் முழுக்க அவள் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வீட்டைக் காலி செய்தாள்.

காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வேறு ஊரில் இருக்கிறது. இடம் காலியானால் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். இன்னும் சொல்லவில்லை. சுண்டெலி வீட்டில்தான் இருக்கிறாள். நான் காலையில் பட்டறை திறக்கும் முன் படியடியில் நின்று ஒரு குரல் கொடுத்துப் பார்ப்பேன். கோடையில் வந்தாள். இப்போது வருவதில்லை. என் குரல் அப்படியேதான் இருக்கிறது, தெருமுனைவரை கேட்கிறது.

மருமகள் இப்போது பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்து, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாக அசைத்துக் காட்டுகிறாள். அதில் குரலே இல்லை. யாருக்குக் கேட்கப்போகிறது என்று விட்டுவிட்டாளோ, இல்லை குரல் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டதோ தெரியவில்லை. எங்களோடு பேசும்போதும் சில சமயம் உதடு மட்டும்தான் அசைகிறது. "சத்தமாச் சொல்லும்மா" என்றால் திடுக்கிட்டுப் பார்க்கிறாள். அதன் பிறகு அவள் சிரித்துப் பட்டறையில் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

போன வாரம் தையல் மெஷினைத் திறந்து எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்று மேலே போனேன். குட்டி தரையில் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தது. இப்போது நன்றாக நடக்கிறது, நாலு வார்த்தை பேசுகிறது. மருமகள் அதற்குப் பின்னால் நின்று கையைத் தட்டினாள். குட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவள் இரண்டெட்டு பின்னால் போய் மறுபடி தட்டினாள். மறுபடி திரும்பியது. அதற்கு அது ஒரு விளையாட்டு. அவள் சமையலறைக்குள் போய், கதவுக்குப் பின்னால் நின்று, மெல்லிசாகத் தட்டினாள். குட்டி டப்பாவைப் போட்டுவிட்டுக் கதவை நோக்கி ஓடியது. அவள் அதைத் தூக்கிக் கொண்டுவந்து பழைய இடத்தில் உட்கார வைத்துவிட்டு, மறுபடி பின்னால் போனாள்.

எத்தனை நேரம்தான் பார்ப்பது? "போதும்மா. ஒவ்வொரு தடவையும் திரும்பறா பாரு. நல்லாத்தான் கேக்குது அவளுக்கு" என்றேன்.

"இப்ப திரும்பறா மாமா" என்றாள். நான் அவள் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். "பெரியவளும் மூணு வயசு வரைக்கும் திரும்பினா."

சொல்லிவிட்டு இன்னும் ஓரெட்டு பின்னால் போய்க் கையைத் தட்டினாள்.